முதியோரின் நடைத் தளர்ச்சியும் மூளையில் தேங்கும் நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ் என்பது என்ன நோய்?

மூளையின் உட்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உள்ளன. மருத்துவர்கள் அவற்றை வென்ட்ரிக்கிள் என்பார்கள். அங்கே சுரக்கும் மூளைத் தண்டுவடத் திரவம், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடிப் பின்னர் இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் எந்த நேரத்திலும் சுமார் 150 மி.லி. திரவம் இருக்கும், ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மி.லி. அதாவது, இருக்கும் திரவம் முழுவதும் நாளொன்றுக்கு மூன்று முறையாவது வடிந்து புதிதாகச் சுரக்க வேண்டும். முதுமையில் சிலருக்கு இந்தச் சுழற்சி பல மாதங்களாக, ஆண்டுகளாக, மெல்ல மெல்லக் குலைகிறது; அறைகள் விரிகின்றன; அவற்றை ஒட்டிச் செல்லும் நரம்பிழைகள் இழுபட்டுச் செயல் குன்றுகின்றன. கால்களை இயக்கும் இழைகளும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் இழைகளும் சிந்தனையின் வேகத்தைக் காக்கும் இழைகளும் இந்த அறைகளின் ஓரமாகச் செல்வதால், நடை, சிறுநீர், அறிவுத்திறன் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன. நோயின் ஆங்கிலப் பெயருக்கு 'அழுத்தம் இயல்பாக இருக்க மூளையில் நீர் தேங்குதல்' என்று பொருள்; இப்பக்கத்தில் அதைச் சுருக்கமாக என்.பி.எச். என்று குறிப்பிடுகிறோம்.

நீர் தேங்கியிருந்தும் அழுத்தம் எப்படி இயல்பாக இருக்க முடியும்?

இந்தக் கேள்விதான் கொலம்பிய நரம்பியல் அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீமையும் உறுத்தியது. 1957இல் போகோட்டா நகரில், சாலை விபத்தில் தலையில் அடிபட்டு நினைவு திரும்பாமல் கிடந்த 16 வயதுச் சிறுவன் ஒருவனின் மூளை அறைகள் பெரிதாக விரிந்திருப்பதை அவர் கண்டார். முதுகில் ஊசி போட்டு அளந்தபோது திரவத்தின் அழுத்தம் இயல்பாகவே இருந்தது. பரிசோதனைக்காகச் சிறிதளவு திரவத்தை எடுத்த மறுநாள் அந்தச் சிறுவன் பேசத் தொடங்கினான். பின்னர் முதியவர்களிடமும் இதே நிலையைக் கண்ட ஹக்கீம், பாஸ்டன் நகரின் நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானோருடன் சேர்ந்து 1965இல் இந்நோயை விரிவாக எழுதி வெளியிட்டார். அழுத்தம் மாறாவிட்டாலும் பரப்பு பெரிதானால் சுவரின்மீது விழும் மொத்த விசை கூடிவிடும் என்ற பாஸ்கலின் விதியைக் கொண்டு அவர் அதற்கு விளக்கம் தந்தார்.

இன்றைய புரிதல் அதைவிடச் சிக்கலானது. மூளையின் அழுத்தத்தை இரவு முழுவதும் பதிவு செய்து பார்த்தால், பல நோயாளிகளுக்கு அது அவ்வப்போது அலை அலையாக உயர்ந்து இறங்குவது தெரிகிறது. திரவத்தை உறிஞ்சும் தடங்கள் மந்தமடைவது, இரத்தக்குழாய்கள் விறைத்துப்போவது, மூளைத் திசுவின் நெகிழ்வு குறைவது எனப் பல காரணங்கள் சேர்ந்தே இது நிகழ்கிறது என்று கருதப்படுகிறது. பெயரில் உள்ள 'இயல்பு அழுத்தம்', ஒருமுறை ஊசி போட்டு அளக்கும்போது கிடைக்கும் அளவை மட்டுமே குறிக்கிறது.

இது யாருக்கு வருகிறது?

காரணம் தெரியாமல் வரும் வகை பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் தொடங்குகிறது. வயது ஏற ஏறப் பெருகுகிறது. சுவீடனில் முதியோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், 70களில் இருந்தோரில் சுமார் 0.2 விழுக்காட்டினரிடமும் 80 வயதைத் தாண்டியோரில் சுமார் 5.9 விழுக்காட்டினரிடமும் இந்நோய்க்கான அடையாளங்கள் காணப்பட்டன. ஆகவே மிக முதியவர்களிடையே இதை அரிய நோய் என்று ஒதுக்கிவிட இயலாது. ஆண், பெண் இருபாலருக்கும் இது வரும்.

மற்றொரு வகை, தெரிந்த ஒரு காரணத்தைத் தொடர்ந்து வருவது. மூளை உறைகளுக்கு இடையே இரத்தம் கசிந்தவர்கள், மூளைக்காய்ச்சல் கண்டவர்கள், தலையில் பலத்த காயம் பட்டவர்கள் ஆகியோருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து இது தலைதூக்கலாம். இவ்வகைக்கு வயது வரம்பு இல்லை.

முதலில் தெரியும் அறிகுறி எது?

பெரும்பாலானோருக்கு நடைதான். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், வாசகர் இதையே வைத்துக்கொள்ளட்டும்: மறதிக்கு முன்பாகவோ மறதியுடன் சேர்ந்தோ நடை கெட்டிருந்தால், அந்த நடையைத் தனியாக ஆராய வேண்டும்.

என்.பி.எச். நோயாளியின் நடைக்கென ஒரு சாயல் உண்டு. பாதங்கள் காந்தத்தால் தரையோடு பிடிக்கப்பட்டவை போல எழும்ப மறுக்கும். கால்களை அகட்டி வைத்து, முன்பாதங்கள் வெளிப்புறம் திரும்பியிருக்க, குறுகிய அடிகளாகத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். எழுந்து முதல் அடி வைக்கத் தயங்குவார்கள். இரண்டு மூன்று அடிகளில் திரும்ப வேண்டிய இடத்தில் ஏழெட்டு அடி வைத்து உடலை மொத்தமாகத் திருப்புவார்கள். மாடிப்படியும் நடைமேடை விளிம்பும் அச்சமூட்டும். பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதும் உண்டு. வியப்பு என்னவென்றால், அதே நபரைப் படுக்கவைத்துக் கால்களைச் சோதித்தால் வலிமை பெரிதாகக் குறைந்திருக்காது. படுத்தபடியே மிதிவண்டி மிதிப்பதுபோலக் கால்களை அசைக்கச் சொன்னால் பெரும்பாலும் செய்துவிடுவார். தசையில் வலு இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தி நடையாக்கும் மூளையின் ஆணையில்தான் குறை.

தொடக்கத்தில் இந்த மாற்றம் மிக மெதுவாக வருவதால் வீட்டில் உள்ளவர்கள் அதற்குப் பழகிவிடுகிறார்கள். அவருக்காக மற்றவர்கள் மெதுவாக நடக்கத் தொடங்குகிறார்கள், கைப்பிடிக்கத் தொடங்குகிறார்கள், வெளியே அழைத்துச் செல்வதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஓராண்டு இடைவெளிக்குப் பின் பார்க்க வரும் உறவினர்தான் பல குடும்பங்களில் மாற்றத்தை முதலில் சொல்பவராக இருக்கிறார். அவர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது.

சிறுநீர்த் தொல்லை எவ்வாறு தொடங்குகிறது?

முதலில் அவசரம், பிறகு அடக்க இயலாமை. சிறுநீர் வருவதாகத் தோன்றியதும் உடனே ஓட வேண்டியிருக்கும். இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும். கால்களும் ஒத்துழைக்காததால் கழிப்பறையை எட்டுவதற்குள் உடை நனைந்துவிடும். நோய் முற்றியபின், நனைந்ததைப் பற்றிய வெட்கமோ கவலையோ இல்லாமல் சிலர் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அந்த அலட்சியமும் நோயின் பகுதியே என்பதைக் குடும்பத்தினர் அறிந்துகொண்டால் வீண் கடிந்துரைகள் குறையும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும், பெண்களுக்கு இடுப்புத் தளத் தசைகளின் தளர்ச்சியும், இருபாலருக்கும் நீரிழிவும் சிறுநீர்த்தொற்றும் இதே தொல்லையைத் தரக்கூடும் என்பதால் அவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதில் வரும் மறதிக்கும் அல்சைமர் மறதிக்கும் என்ன வேறுபாடு?

அல்சைமர் நோயாளி காலையில் நடந்ததை மாலையில் மறந்துவிடுவார். குறிப்புக் கொடுத்தாலும் அது அவருக்கு நினைவுக்கு வராது. என்.பி.எச். நோயாளியிடம் முதலில் குன்றுவது வேகமும் கவனமும் முனைப்புமே. கேள்விக்கு நெடுநேரம் கழித்து, ஆயினும் பெரும்பாலும் சரியாகவே, விடை சொல்வார். குறிப்புக் கொடுத்தால் நினைவுக்குக் கொண்டுவருவார். கணக்குப் பார்ப்பது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது, ஒரு காரியத்தைத் திட்டமிட்டுத் தொடங்குவது ஆகியவை கடினமாகும். நாள் முழுவதும் ஒரே இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனச்சோர்வு என்று எண்ணி மருந்து கொடுக்கப்படுவதும் நேர்கிறது.

இந்த வேறுபாடு கோடு போட்டதுபோலத் தெளிவாக அமைவதில்லை. ஒரே முதியவருக்கு இரண்டு நோய்களும் சேர்ந்திருப்பது அரிதன்று. அத்துடன், நினைவாற்றலை மட்டும் அளக்கும் சிறிய சோதனைகளில் என்.பி.எச். நோயாளி நல்ல மதிப்பெண் பெற்றுவிடலாம். கவனம், திட்டமிடல், வேகம் ஆகியவற்றையும் அளக்கும் சோதனைகளே இங்கு உதவும்.

மூன்று அறிகுறிகளும் இருந்தால்தான் இந்த நோயா?

இல்லை. மூன்றும் முழுமையாகத் தெரியும்வரை காத்திருப்பது பெரும் தவறு. தொடக்கத்தில் நடைக் கோளாறு மட்டுமே இருக்கலாம்; அல்லது அதனுடன் மற்ற இரண்டில் ஒன்று லேசாகத் தென்படலாம். அதே வேளையில், நடை முழுக்க நன்றாக இருந்து மறதி மட்டும் மிகுந்திருக்கும் ஒருவருக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அவருக்கு வேறு காரணத்தைத் தேடுவதே முறை.

பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை தரப்பட்டுள்ளது. இரண்டும் குழம்புமா?

அடிக்கடி குழம்பும். குறுகிய அடிகள், தொடங்கத் தயக்கம், திரும்புவதில் சிரமம் ஆகியவை இரண்டிலும் உண்டு. பார்க்கின்சனில் பொதுவாக ஒரு பக்கக் கையில் நடுக்கமோ விறைப்போ முதலில் தொடங்கும். நடக்கும்போது கைவீச்சு குறையும். கால்கள் நெருங்கியே இருக்கும். பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையால் தெளிவான பலன் தெரியும். என்.பி.எச். நோயில் பாதிப்பு பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் சமமாக இருக்கும், கால்கள் அகன்றிருக்கும், கைவீச்சு ஓரளவு நன்றாகவே இருக்கும், மாத்திரையின் பலன் சொற்பமாகவோ இல்லாமலோ இருக்கும். உரிய அளவில் சில மாதங்கள் லெவோடோபா எடுத்தும் நடையில் மாற்றமே இல்லையென்றால், நோயறிதலை மறுபரிசீலனை செய்யும்படி மருத்துவரிடம் கேட்பது நியாயமானதே. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது மட்டும் கூடாது.

பார்க்கின்சன் தவிர, கழுத்து எலும்புத் தேய்வால் தண்டுவடம் நசுங்குவது, இடுப்புப் பகுதியில் நரம்புப்பாதை குறுகுவது, நீரிழிவால் கால் நரம்புகள் மரத்துப்போவது, வைட்டமின் பி12 குறைபாடு, மூளையின் சிறு இரத்தக்குழாய்கள் அடைபடுவது ஆகியவையும் நடையைக் கெடுக்கும். இவற்றில் ஒன்றோ இரண்டோ உடன் இருப்பது இந்த வயதில் வழக்கமே.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

கைப்பேசியில் எடுத்த காணொளி ஒன்று. நாற்காலியிலிருந்து எழுவது, சில மீட்டர் நடப்பது, திரும்புவது, மீண்டும் வந்து அமர்வது ஆகியவை கால் முதல் தலைவரை தெரியும்படி இருந்தால் போதும். மருத்துவரின் அறைக்குள் பலர் தம்மை இறுக்கிக்கொண்டு வழக்கத்தைவிட நன்றாக நடந்துவிடுவார்கள். பழைய காணொளிகள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய குடும்ப விழாவில் அவர் நடந்துவரும் காட்சி, நோய் எவ்வளவு வேகத்தில் முன்னேறியிருக்கிறது என்பதைச் சொற்களைவிடத் தெளிவாகக் காட்டும். எத்தனை முறை விழுந்தார், எப்போது முதல் சிறுநீர் கசிகிறது, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்பவற்றை, குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை, எழுதிக் கொண்டுபோவது அவசியம்.

ஸ்கேன் அறிக்கையில் 'வென்ட்ரிக்கிள்கள் விரிந்துள்ளன' என்று இருக்கிறது. அப்படியென்றால் நோய் உறுதியா?

உறுதி அன்று. வயது கூடும்போது மூளை சுருங்குவதால் அறைகள் எல்லோருக்குமே ஓரளவு விரிகின்றன. அல்சைமர் நோயாளிகளுக்கு இன்னும் அதிகமாக விரிகின்றன. அறிக்கையில் வரும் அந்த ஒற்றை வரியைப் பார்த்துக் குடும்பங்கள் தேவையற்ற அச்சமோ தேவையற்ற நம்பிக்கையோ கொள்வதுண்டு. அறைகளின் விரிவை அளக்க எவான்ஸ் குறியீடு என்ற கணக்கு இருக்கிறது: பக்க அறைகளின் முன்கொம்புகளுக்கு இடையிலான மிகப் பெரிய அகலத்தை, அதே படத்தில் மண்டையோட்டின் உட்புற அகலத்தால் வகுக்க வேண்டும். விடை 0.3ஐத் தாண்டினால் அறைகள் விரிந்துள்ளன என்று பொருள். அதற்குமேல் அது எதையும் நிறுவுவதில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர்கள் வேறு சில அடையாளங்களையும் தேடுகிறார்கள். மூளை வெறுமனே சுருங்கியிருந்தால் அதன் மேற்பரப்பு மடிப்புகளுக்கு இடையிலான பள்ளங்கள் எங்கும் அகன்றிருக்கும். என்.பி.எச். நோயில், பக்கவாட்டுப் பெரும்பிளவான சில்வியன் பிளவு அகன்றும், உச்சந்தலைக்கு அடியிலுள்ள பள்ளங்கள் நெருக்குண்டு மூடியும் காணப்படுவது ஒரு தனிப்பட்ட தோற்றம். இரு மூளைப் பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் கீழ் அமையும் கோணம் 90 பாகைக்கும் குறைவாக இருப்பது மற்றோர் அடையாளம். கட்டியோ அடைப்போ இல்லை என்பதையும், சிறு இரத்தக்குழாய் பாதிப்பு எவ்வளவு என்பதையும் அதே படம் காட்டிவிடும். படமும் நடையும் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது எதற்காக?

இந்நோய்க்கான சிகிச்சை, தேங்கும் திரவத்தை வழிமாற்றும் ஷன்ட் அறுவை (கீழே விளக்கப்பட்டுள்ளது); அதனால் பலன் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே சுவைத்துப் பார்க்கும் சோதனை இது. கீழ்முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டபின், மெல்லிய ஊசி வழியாக 30 முதல் 50 மி.லி. வரை திரவத்தை எடுப்பார்கள். அப்போதே அழுத்தத்தையும் அளப்பார்கள். அழுத்தம் மிக உயர்ந்திருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். எடுத்த திரவத்தில் அமிலாய்டு, டவ் ஆகிய புரதங்களை அளந்து, அல்சைமர் உடனிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

சோதனையின் உயிர் ஊசியில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் செய்யும் அளவீட்டில் இருக்கிறது. பத்து மீட்டர் தூரத்தை எத்தனை வினாடிகளில், எத்தனை அடிகளில் கடக்கிறார், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமர எவ்வளவு நேரம் ஆகிறது, திரும்ப எத்தனை அடிகள் வைக்கிறார் என்பனவற்றைக் குறித்துக்கொண்டு, நீர் எடுத்த சில மணி நேரம் கழித்தும் மறுநாளும் அதே சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். 'இப்போது பரவாயில்லையா?' என்று நோயாளியிடம் கேட்டு, அவர் தலையசைத்ததை முடிவாகக் கொள்ளும் சோதனை பயனற்றது. குணமாக வேண்டும் என்ற ஆவலிலேயே சிலர் அன்று விரைந்து நடப்பார்கள். முதல் முறையைவிட இரண்டாம் முறை பழக்கத்தால் நேரம் குறையும். அதனால்தான் ஊசிக்கு முன்பே இருமுறை அளந்துகொள்வது நல்லது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை மருத்துவர் சொல்லும் கால அளவுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஊசிக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தால் மிகுவதும் படுத்தால் தணிவதுமான தலைவலி சிலருக்குச் சில நாள் இருக்கலாம்.

நீர் எடுத்தபின் மாற்றம் தெரியவில்லை. அறுவை சிகிச்சையால் பலன் இல்லை என்று பொருளா?

அப்படிக் கொள்ள இயலாது. நீர் எடுத்தபின் நடை தெளிவாக மேம்பட்டால் அறுவை சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு மிக அதிகம்; மேம்படவில்லையென்றாலும் வாய்ப்பு அடைபட்டுவிடுவதில்லை. ஒரே முறை நீர் எடுக்கும் சோதனை, பலன் பெறக்கூடியவர்களில் கணிசமானோரைத் தவறவிடுகிறது. நடையும் படமும் வலுவாகச் சுட்டும்போது, மருத்துவமனையில் தங்கவைத்து, கீழ்முதுகில் மெல்லிய குழாய் செருகி, மணிக்குச் சுமார் 10 மி.லி. வீதம் மூன்று நாள்வரை திரவத்தை வடியவிட்டுப் பார்ப்பதுண்டு. அது கூடுதல் நம்பகமானது. தொற்று ஏற்படும் ஆபத்தும் கூடுதல். திரவத்தைச் செலுத்தி, அது வெளியேறுவதற்கான தடையை அளக்கும் சோதனையைச் சில மையங்கள் செய்கின்றன.

மாத்திரையால் குணப்படுத்த முடியாதா?

முடியாது. திரவச் சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடு போன்ற மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. நிலையான பலன் தரும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. அவ்வப்போது ஊசி போட்டு நீர் எடுத்துக்கொண்டே இருப்பதும் சிகிச்சை ஆகாது, ஏனெனில் எடுத்த அளவு சில மணி நேரத்திலேயே மீண்டும் சுரந்துவிடும்.

ஷன்ட் அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

தேங்கும் திரவத்தை உடலின் வேறொரு பகுதிக்கு வழிமாற்றும் மெல்லிய குழாய் அமைப்பே ஷன்ட். மிகப் பரவலான முறையில், மண்டையோட்டில் சிறு துளையிட்டுக் குழாயின் ஒரு முனையை மூளை அறைக்குள் வைப்பார்கள். மறுமுனை காதுக்குப் பின்புறம், கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே இறங்கி வயிற்றறையில் முடியும். அங்கே திரவம் தானாக உறிஞ்சப்பட்டுவிடும். இடையில் உள்ள வால்வு எவ்வளவு திரவம் வடிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. வயிற்றில் முன்பே பெரிய அறுவைகள் நடந்திருந்தால் மறுமுனையை இதயத்தின் மேலறையில் வைப்பதுண்டு. மூளையைத் தொடாமல், கீழ்முதுகிலிருந்து வயிற்றறைக்குக் குழாய் வைக்கும் முறையும் இருக்கிறது. ஜப்பானில் அது மிகுதியாகச் செய்யப்படுகிறது.

முழு மயக்கம் கொடுத்துச் செய்யப்படும் இந்த அறுவை நரம்பியல் அறுவைகளில் நீளமானதன்று. பலர் சில நாள்களில் வீடு திரும்புகிறார்கள். இப்போது பரவலாகப் பயன்படும் வால்வுகளை, மறு அறுவை இல்லாமல், வெளியிலிருந்தே காந்தக் கருவியால் கூட்டிக் குறைக்கலாம். முதலில் குறைவாக வடியும்படி அமைத்து, வாரக்கணக்கில் படிப்படியாகச் சரிசெய்வதே பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படும் வழி. ஆதலால் அறுவை முடிந்த மறுவாரமே முழுப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. பின்தொடர் சந்திப்புகளைத் தவறவிட்டால் பாதிச் சிகிச்சையைத் தவறவிட்டதாகவே பொருள்.

எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம்?

நன்கு ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோருக்கு நடை மேம்படுகிறது. சிறுநீர்த் தொல்லை அதைவிடக் குறைந்த விகிதத்தினருக்கே குறைகிறது. சிந்தனைத்திறன் தெளிவது இன்னும் நிச்சயமற்றது. 2025இல் வெளிவந்த ஒரு முக்கிய ஆய்வு இந்த ஐயத்தை நேராகச் சோதித்தது. 99 நோயாளிகள் அனைவருக்கும் ஷன்ட் பொருத்தி, ஒரு பிரிவினருக்கு வால்வைத் திறந்தும் மற்றொரு பிரிவினருக்குத் திரவம் ஏறக்குறைய வடியாதபடியும் அமைத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, திறந்த வால்வு உடையோரின் நடைவேகம் சராசரியாக வினாடிக்குச் சுமார் 0.23 மீட்டர் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் மிகச் சொற்பம். திறந்த வால்வு உடையோர் விழுவதும் குறைந்தது. அறிவுத்திறனிலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் அந்த மூன்று மாதத்துக்குள் தெளிவான வேறுபாடு தென்படவில்லை.

இந்த எண்ணைச் சிறியதாகக் கருத வேண்டாம். வினாடிக்கு 0.2 மீட்டர் என்பது, பிறர் உதவியின்றிக் கழிப்பறைக்குப் போய்வர முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையிலான வேறுபாடாக இருக்கலாம். அதே சமயம், பழைய நினைவாற்றல் அப்படியே திரும்பிவிடும் என்ற வாக்குறுதியை யாரேனும் தந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. எந்த ஒன்று மேம்பட்டால் அறுவை பயனுள்ளதாகக் கருதுவோம் என்பதைக் குடும்பத்தினரும் நோயாளியும் முன்பே பேசிக்கொள்வது பிற்கால ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

ஆபத்துகள் என்னென்ன?

முதன்மையானது, திரவம் தேவைக்கு மேல் வடிவது. எழுந்து நின்றால் தலைவலி வரும்; மூளை சற்றே உள்வாங்கி, அதன் மேலுறைக்கு அடியில் நீரோ இரத்தமோ சேரலாம். மேற்சொன்ன ஆய்விலும் திறந்த வால்வு உடையோருக்கு இவை கூடுதலாக நேர்ந்தன. பல நேரங்களில் வால்வைச் சற்றே இறுக்கினாலே இது சரியாகிவிடும். சிலருக்கு இரத்தத்தை வெளியேற்ற மற்றோர் அறுவை தேவைப்படும். குழாய் அடைபடுவது, இடம் பெயர்வது, தொற்று ஆகியவை மற்ற ஆபத்துகள். குழாய் வைக்கும்போது மூளைக்குள் இரத்தக்கசிவோ அதன்பின் வலிப்போ ஏற்படுவது அரிது, ஆயினும் உண்டு. ஆண்டுகள் செல்லும்போது கணிசமானோருக்கு ஒரு முறையாவது ஷன்ட்டைத் திருத்தியமைக்க வேண்டியிருக்கும்.

எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு இந்த அறுவை தேவைதானா?

வயதை மட்டும் காட்டி மறுப்பது சரியன்று. இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை மயக்கமருந்தைத் தாங்குமா, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சில நாள் நிறுத்த முடியுமா, உடனிருக்கும் பிற நோய்கள் நடையை எவ்வளவு கெடுத்துள்ளன என்பவையே எடைபோட வேண்டியவை. அல்சைமர் உடனிருந்தாலும் நடை மேம்படலாம். அந்த மேம்பாடு நீடிக்கும் காலமும் சிந்தனைத்திறனில் கிடைக்கும் பலனும் குறைவாக இருக்கலாம். நெடுங்காலமாகப் படுக்கையிலேயே இருப்பவருக்கும், மறதி மிக முற்றியவருக்கும் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது.

காலதாமதம் தீங்கானது என்பதில் ஐயமில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து அறுவை செய்துகொண்டவர்கள், காத்திருந்தபோது இழந்ததை முழுமையாக மீட்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது இரவோடிரவாகச் செய்ய வேண்டிய அவசர அறுவையும் அன்று. இரண்டாம் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது.

ஷன்ட் பொருத்தியபின் அன்றாட வாழ்வில் எதைக் கவனிக்க வேண்டும்?

நடப்பது, குளிப்பது, வானூர்தியில் பறப்பது ஆகியவற்றுக்குக் காயம் ஆறியபின் பொதுவாகத் தடை இல்லை. தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து மாற்றக்கூடிய வால்வுகளில் சில, வலிமையான காந்தத்தின் அருகில் அமைப்பு மாறிவிடக்கூடியவை, எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் ஷன்ட் இருப்பதைச் சொல்லி, எடுத்தபின் வால்வின் அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். காந்தம் உள்ள ஒலிப்பான்களையும் கைப்பேசி உறைகளையும் வால்வு இருக்கும் இடத்தில் ஒட்டி வைக்காதிருப்பது நல்லது. வால்வின் பெயரும் அமைப்பு எண்ணும் எழுதிய அட்டையை நோயாளி எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல், வடு சிவந்து வீங்குதல், விடாத வயிற்றுவலி, புதிதாகத் தோன்றும் கடும் தலைவலி, வாந்தி, மிகுந்த உறக்கக் கலக்கம், உடலின் ஒரு பக்கம் தளர்தல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதலில் நன்றாக நடந்தார். ஓராண்டுக்குப் பின் மீண்டும் தடுமாறுகிறார். ஷன்ட் பழுதாகிவிட்டதா?

இருக்கலாம், அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுத்து அறைகளின் அளவைப் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். எக்ஸ்ரேயில் குழாய் எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வால்வின் அமைப்பைச் சரிபார்ப்பார்கள். வால்வை ஒரு படி தளர்த்தினாலே நடை திரும்புவதும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால், மூட்டுத் தேய்வு, தண்டுவடக் கோளாறு, பக்கவாதம், அல்சைமர் போன்ற வேறொன்று மேலோங்கியிருக்கலாம். ஷன்ட் மற்ற நோய்களைத் தடுப்பதில்லை.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தால் என்ன செய்வது?

நோயாளி தெளிவான மனநிலையில், விவரங்களை அறிந்து எடுத்த முடிவென்றால் அதை மதிக்க வேண்டும். நோய் பெரும்பாலும் மெல்ல முன்னேறும் என்பதை ஏற்றுக்கொண்டு, விழாமல் காப்பதற்கே முதலிடம் தர வேண்டும். இயன்முறை மருத்துவரிடம் நடைப்பயிற்சி, எட்டும் தூரத்தில் கைப்பிடிகள், இரவு விளக்கு, வழியில் தடுக்கும் விரிப்புகளை அகற்றுதல், பின்பக்கம் சாயாத சக்கர நடைத்துணை ஆகியவை உதவும். சிறுநீருக்குக் குறித்த நேர இடைவெளியில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது உடை நனைவதைக் குறைக்கும். அவசரத்தைக் குறைக்கத் தரப்படும் சில மாத்திரைகள் மறதியை மிகுவிக்கக்கூடியவை என்பதால், எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். உறக்க மாத்திரைகளைக் கூடியவரை குறைப்பது நல்லது. வேண்டாம் என்ற முடிவு இறுதியானதாக இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பத்து மீட்டர் நடையை அளந்து குறித்துவைத்தால், மறுபடியும் யோசிக்க வேண்டிய நேரம் எப்போது வருகிறது என்பது அந்தக் குறிப்பிலேயே தெரியும்.